ஊட்டி ஏரி இயற்கையானதா? ஏன் சுருங்கிப்போனது?

இல்லை, கரை கட்டி உண்டாக்கியது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் மலை ஓடைகளை மறித்தார். பள்ளத்தாக்கில் நீர் தேங்கியது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் அப்போது தண்ணீருக்கு அடியில். இப்போது மிச்சம் சுமார் 65 ஏக்கர்தான்.

பெரிய தலைவலி கோடப்பமந்து கால்வாய். ஊருக்கு நடுவே ஓடிவந்து, மழைநீரோடு சாக்கடையையும் மண்ணையும் ஏரியில் கொட்டுகிறது. ஏரி வாயில் ஓட்டம் தளர்ந்ததும் மணல் அங்கேயே படியும். மென்சேறு உள்ளே போய் அமரும். கழிவின் சத்தில் ஆகாயத்தாமரை கொழிக்கும். குறுக்கே கம்பி வலை வைத்தால் பாட்டில்தான் சிக்கும், கரைந்து வரும் கழிவு சிக்காது. படகுத்துறைப் பக்கம் மட்டும் தூர்வாருவது, சொல்லப்போனால், கண்துடைப்பு. முதலில் கால்வாயில் விடும் சாக்கடைக் குழாய்களைத் துண்டிக்க வேண்டும். பிறகு வாயருகே வண்டல் தொட்டி கட்டி, அதில் சேரும் மண்ணைப் பருவமழைக்கு முன்பே அள்ளிவிட வேண்டும்.