மூன்றாம் பிறையா, சத்மாவா? ஒரு கேத்திக்காரனின் பதில்

“மூன்றாம் பிறை, அதையே இந்தியில் எடுத்த சத்மா, இரண்டில் எது உசத்தி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, நீங்கள் சத்மாவை முதலில் பார்த்தவர். தப்பில்லை. புனேயில் என்னோடு வேலை பார்த்தவர்களும் அப்படித்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் ஒருவன், “சத்மாவைத் தமிழில்கூட எடுத்தார்களாமே” என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. தமிழ் 1982, இந்தி 1983 என்று போனில் எடுத்துக் காட்டிய பிறகுதான் வாயை மூடினான்.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், நான் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேத்திக்காரன். கடைசியில் கமல் தலையில் பானையோடு குட்டிக்கரணம் போடுகிறாரே, அந்த ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ இறக்கம். ஷூட்டிங்கை நேரில் பார்த்ததாக அப்பா சொல்வார். மழை, சேறு, அவருடைய கறுப்புக் குடை. நூறு தடவை கேட்ட கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டுக்கும் அதே பாலுமகேந்திரா, அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே இளையராஜா. சில்க்கூட மாறவில்லை. அதனால் நடிப்பில் மார்க் போடுவது வீண் வேலை. மாறியது பேச்சுதான். தமிழில் கமலின் பெயர் சீனு, எங்கள் தெருவில் குடியிருக்கும் வாத்தியார் மாதிரி இருக்கிறார். இந்தியில் அவர் சோமு, அந்த சோமு வரும் ஊட்டியிலோ எல்லாரும் இந்தி பேசுகிறார்கள்! அப்புறம் ‘கண்ணே கலைமானே’. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. இந்தியில் பாட்டு எழுதிய குல்சார் பெரிய கவிஞர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாலாட்டுக்கு ஈடு கிடையாது.

உடனே ‘இந்தி வெறுப்பு’ என்று கிளம்பிவராதீர்கள். ஆறு வருஷம் இந்தி பேசித்தான் வாடகை வீடு பிடித்தேன், சண்டையும் போட்டேன். கமலுக்குத் தேசிய விருது வந்தது தமிழுக்குத்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இப்போது அந்த ஸ்டேஷன் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின் இழுக்கிறது, படத்தில் வரும் புகை இல்லை. ரீல்ஸ் எடுப்பவர்கள் வீட்டிலிருந்தே பானை கொண்டுவருகிறார்கள். சீசனில் குன்னூர் ரோட்டில் கார்கள் நகராது. போன மே மாதம் எங்கள் கேரட் வண்டி மூன்று மணி நேரம் நின்றது, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. இதை யாரும் கேட்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

புனேயில் அந்தச் சண்டை நடந்த வாரமே இரண்டு படத்தின் கடைசிக் காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அப்பாவைத் தேடி. எதிலும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, அவர் பார்த்தது எந்தப் படம்? ஸ்ரீதேவிக்குத் தமிழில் விஜி, இந்தியில் ரேஷ்மி என்று பெயர். போன் போட்டேன்.

“ஏம்ப்பா, கமல் ‘விஜி’ன்னு கத்தினாரா, ‘ரேஷ்மி’ன்னு கத்தினாரா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“மழையில என்னடா கேக்கும்? கேரட் மூட்டை ஏத்தணும்னு தாத்தா கூப்பிட்டாரு. கமல் வர்றதுக்கு முன்னாடியே நான் வந்துட்டேன்.”