தைராய்டு ஆபரேஷன் தழும்பு சிவந்து தடிக்கிறது, என்ன பூசினால் மறையும்?

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது, கழுத்தில் உள்ள தழும்பு குறைவதற்குப் பதில் சிவந்து தடித்துக்கொண்டே வருகிறது, எந்தக் களிம்பு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தைராய்டில் பாதியை எடுத்திருக்கிறார்கள். அதே இடம், அதே குறுக்குக் கோடு. அதனால் முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன்: ஆறாவது வாரத்தில் தழும்பு மோசமாகத் தெரிவது பெரும்பாலும் இயல்புதான்.

காயம் மூடியதும் உடம்பு அந்த இடத்தில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அவசரமாகக் குவிக்கிறது. அதற்கு நிறைய ரத்தம் வேண்டியிருப்பதால் சிவப்பு, தேவைக்கு மேல் குவிவதால் தடிப்பு. இரண்டு மூன்று மாதம் வரை இது கூடலாம். அதிகமாகக் குவிந்ததைக் கரைத்து மிச்சத்தைச் சீராக அடுக்கும் வேலை அப்புறம்தான் சூடு பிடிக்கும். அது முடிய ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். பதினைந்து நாளில் மறைந்துவிடும் என்று விற்கிற எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

முழுக்க அழியாது என்பதும் உண்மை. ஆனால் கழுத்து ஓரளவு அதிர்ஷ்டமான இடம். தைராய்டு அறுவை சிகிச்சைக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்ற தியோடர் கோக்கரின் பெயரில்தான் இந்தக் குறுக்கு வெட்டு இன்றும் வழங்குகிறது. கழுத்தில் இயற்கையாக இருக்கும் மடிப்பை ஒட்டி வெட்டுவதால் தோல் இரண்டு பக்கமும் அதிகம் இழுபடாது. ஆறி முடிந்தபின் பலருக்கு அந்த மடிப்போடு மடிப்பாகக் கலந்துவிடும்.

களிம்புக்கு வருகிறேன். தழும்புக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சிலிக்கோன். ஜெல்லாகவும் கிடைக்கும், ஒட்டிக்கொள்ளும் ஷீட்டாகவும் கிடைக்கும். உள்ளே ஊடுருவி எதையும் கரைக்கும் மருந்து இல்லை இது. தோலின் மேல் ஒரு மூடியாக நின்று ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. ஈரம் காக்கப்பட்ட தோலில் கொலாஜன் உற்பத்தி தணிகிறது. காயம் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒரு துளி நீர் கசிந்தாலும் தொடங்க வேண்டாம். ஷீட் என்றால் ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரம், மூன்று மாதமாவது விடாமல். நம் ஊர் வெயிலில் பகலில் கழுத்தில் ஷீட் நிற்காது, வியர்வையில் கழன்று வந்துவிடும், அடியில் வேர்க்குருவும் வரும். எனக்குச் சரிப்பட்டது பகலில் ஜெல், இரவில் ஷீட். ஜெல்லை அப்பக் கூடாது. மிக மெல்லிசாகத் தடவி, நாலைந்து நிமிடம் காயவிட்டு, அதன்மேல் சன்ஸ்கிரீன் போடுங்கள். ஷீட்டைத் தினமும் மிதமான சோப்பில் கழுவி உலர்த்தினால் மறுபடி பயன்படுத்தலாம்.

சன்ஸ்கிரீனை நான் ஜெல்லுக்குச் சமமாகவே சொல்வேன். நம் மாநிறத் தோலில் தழும்பு தடிப்பதைவிடக் கறுத்துப்போவதுதான் அதிகம். புதுத் தழும்பில் வெயில் பட்டால் அந்தக் கறுப்பு இறங்க மாதக்கணக்கில் ஆகும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள், வெளியே போகும்போது துப்பட்டாவையோ முந்தானையையோ கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். சங்கிலி அந்தக் கோட்டின்மேல் உரசுகிறதா என்றும் பாருங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற வீட்டில் சம்மதிக்காவிட்டால், உரசாதபடி நீளமாக்கிக்கொள்ளலாம்.

எச்சில் விழுங்கும்போது தழும்பும் மேலே ஏறி இறங்குகிறதா? உள்ளே தசையோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதற்குக் கைதான் மருந்து. சர்ஜனிடம் கேட்டு அவர் சரி என்றதும், விரல் நுனியால் தழும்பை அழுத்திச் சின்ன வட்டமாக, தோல் நகரும்படி தேய்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. தேங்காய் எண்ணெய் போதும், அது வழுக்குவதற்கு மட்டுமே.

வைட்டமின் ஈ மாத்திரையைக் கிள்ளித் தடவச் சொல்லி யாராவது கட்டாயம் சொல்வார்கள். 1999-இல் மயாமியில் 15 பேரிடம் தழும்பின் ஒரு பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பும் மறு பாதியில் வெறும் களிம்பும் பூசிப் பார்த்தார்கள். 90 சதவீதம் பேருக்கு ஒரு பயனும் இல்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமானது. மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வேறு. எலுமிச்சைச் சாறு புதுத் தோலை எரிக்கும். சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு சிவப்பழகுக் களிம்பு சுற்றியுள்ள நல்ல தோலையும் மெலியவைக்கும். இவை எதுவும் வேண்டாம்.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? சீழ், காய்ச்சல், திடீர் வீக்கம் என்றால் அன்றே சர்ஜனிடம் போங்கள். இன்னொன்று கீலாய்டு. சாதாரணத் தடிப்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே நிற்கும். கீலாய்டு கோட்டைத் தாண்டி நல்ல தோலிலும் பரவும், அரிக்கும், வலிக்கும், மாதங்கள் போனாலும் வளரும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ கட்டியாகத் தடித்திருந்தால், காத்திருக்காமல் இப்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாகத் தழும்புக்குள்ளேயே டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. வலிக்கும், மரத்துப்போகும் மருந்து சேர்த்துப் போட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். கீலாய்டை வெட்டி எடுத்துவிடலாம் என்று மட்டும் யாராவது சொன்னால், வெட்டியபின் ஊசியோ கதிர்வீச்சோ உண்டா என்று கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெறுமனே வெட்டினால் பாதிப் பேருக்காவது திரும்ப வருகிறது, சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக.

மாதம் ஒரு தடவை அதே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினம் கண்ணாடியில் பார்க்கிற நமக்கு மாற்றம் தெரியாது. டாக்டருக்கு அந்த நாலு படம் இருந்தால் கோட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்று உடனே சொல்லிவிடுவார்.