அய்யா தந்த ரைஃபிளும் அவர் மகனின் மிரட்டலும்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். எஸ்டேட் மேலாளராக இருந்த ஒரு பெரியவர்தான் என்னை ஆளாக்கினார். கவாத்து எடுப்பது முதல் கணக்கு எழுதுவது வரை அவரிடம் படித்தேன். காட்டில் சத்தமில்லாமல் நடக்கவும், மூச்சை அடக்கிக் குறி பார்க்கவும் சொல்லித் தந்தவரும் அவரே. படுக்கையில் விழுந்தபோது தன் பழைய ரைஃபிளை என் கையில் கொடுத்து, 'இது இனி உனக்கு' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கூடவே சில தோட்டாக்களையும், 1960-களில் உரிமத்தோடு அவர் சுட்ட காட்டெருமையின் கொம்பையும் கொடுத்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பன்றித் தொல்லை பொறுக்க முடியாத சில இரவுகளில் அந்த ரைஃபிளைப் பயன்படுத்தியிருக்கிறேன். சேலத்தில் இருக்கும் அவருடைய மகன் அப்பாவைக் கடைசிவரை எட்டிப் பார்க்கவில்லை. மருந்து வாங்கிக் கொடுத்ததும், இரவில் கண் விழித்ததும் நான்தான். இப்போது அவர் 'துப்பாக்கியைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்' என்கிறார். அய்யா எழுதிய கடிதம் என்னிடம் இருக்கும்போது அவருக்கு என்ன உரிமை? உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஐந்து பக்கம். அதில் நான்கு பக்கம் மகன் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றியது. அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டாரா, நீங்கள் எத்தனை இரவு விழித்திருந்தீர்கள் என்பதெல்லாம் எந்த நீதிமன்றத்திலும் ஒரு வரிக்குக்கூடப் பயன்படாது. நீங்கள் குறிப்பிட்டிருந்த தேதிகளையும், எத்தனை பன்றி என்ற கணக்கையும், கறியை வாங்கிக்கொண்டவர்களின் பெயர்களையும் நான் அச்சில் விடவில்லை. இனி யாருக்கும் எழுதாதீர்கள்.

துப்பாக்கி உங்களுக்குச் சொந்தமா, மகனுக்குச் சொந்தமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். சட்டத்துக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. இன்று அது யார் கைவசம் இருக்கிறது, அவரிடம் உரிமம் இருக்கிறதா? இவ்வளவுதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதைத் தடை செய்கிறது. மீறினால் 25(1B) பிரிவின்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 2019 திருத்தத்துக்கு முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. ஊரில் பலர் இன்னும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் குற்றமும் அல்ல. ரைஃபிளை விட்டுவிட்டுத் தோட்டாவை மட்டும் பீரோவில் வைத்திருந்தாலும் அதே பிரிவுதான்.

இந்த நிலையில் அய்யாவின் கடிதம் என்ன செய்யும்? சட்டப்படி ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால், வாங்குபவருக்கு உரிமம் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 45 நாட்கள் கழிய வேண்டும். இவை எதுவும் நடக்கவில்லை. ஆகவே அந்தத் தாள் உங்களுக்கு எந்த உரிமையையும் தராது. ஆனால் எந்தத் தேதியிலிருந்து துப்பாக்கி உங்களிடம் இருக்கிறது, அது தெரிந்தே வாங்கியதுதானா என்று அரசுத் தரப்பு சிரமப்பட்டு நிரூபிக்க வேண்டிய இரண்டு விஷயங்களை அய்யாவின் கையெழுத்தே நிரூபித்துவிடும். அதன் நகலை நீங்கள் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டதாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

உரிமத்தைப் பெயர் மாற்ற முடியாது. அது ஆளுக்குத் தரப்படுவது, ஆளோடு போய்விடும். உரிமதாரரின் சட்டப்படியான வாரிசு புதிதாக விண்ணப்பிக்க விதிகளில் வழி இருக்கிறது. சீடர் அந்த வாரிசுப் பட்டியலில் வரமாட்டார். பயிர்ப் பாதுகாப்பு என்று நீங்களே விண்ணப்பித்தாலும் அதற்குச் சட்டம் சொல்வது குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியை, ரைஃபிளை அல்ல. துப்பாக்கியை வீட்டுப் பரணில் வைத்துக்கொண்டே உரிமத்துக்கு மனுப் போட்டால், விசாரணைக்கு வரும் காவலருக்கு நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள்.

பாரம்பரிய வேட்டை உரிமை பற்றியும் எழுதியிருந்தீர்கள். பொங்கல் முயல் வேட்டை முதல் எல்லாவற்றையும் அதில் சேர்த்துப் பேசுவது நம் பக்கம் வழக்கம். 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் மரபுரிமைகளை ஏற்கும் அதே வரியில் வேட்டையை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. வன உயிரினச் சட்டத்தில் பழங்குடி வேட்டைக்கு விலக்கு இருப்பது நிக்கோபார் தீவுகளுக்கு மட்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இல்லை. பன்றி விளைச்சலை அழிக்கிறது என்பது உண்மை, எனக்கும் தெரியும். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு காட்டுப்பன்றியைச் சுட அனுமதி அறிவித்ததே என்பீர்கள். அந்த அறிவிப்பு காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் சுடுவதற்கு. விவசாயி சுடுவதற்கு அல்ல.

இனி நான் உண்மையில் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இப்படிப்பட்ட வழக்குகளில் துப்பாக்கி வைத்திருந்ததைவிட, பயந்துபோய் அடுத்த பத்து நாளில் செய்த காரியங்களால்தான் கட்சிக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் காரியம், இரவோடு இரவாகக் கொண்டுபோய் உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவது. மகன் கேட்கிறார், கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று உங்களுக்கும் தோன்றும். மகனிடம் உரிமம் இருக்கிறதா? இல்லை என்றால் நீங்கள் செய்வது சட்டவிரோதமாக ஆயுதத்தைக் கைமாற்றுவது. அது 25(1)(a) பிரிவு. குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். இரண்டாண்டுக் குற்றத்திலிருந்து தப்புவதாக நினைத்து ஏழாண்டுக் குற்றத்துக்குள் காலை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாங்கியவரோடு சேர்ந்தே சிறைக்குப் போனார். பிடிபட்டவர் சொன்ன முதல் பெயர் கொடுத்தவருடையது. போகும் வழியையும் யோசியுங்கள். மலையிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் சோதனைச்சாவடி இருக்கிறது. பைக்கில் சாக்கில் சுற்றிய ரைஃபிளோடு நிற்கும்போது 'திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன்' என்று சொன்னால் நம்ப யாருக்கும் அவசியமில்லை.

இரண்டாவது, 'இது வெறும் பழைய இரும்பு' என்ற வாதம். போல்ட் இறுகிவிட்டது, சுட வராது என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதுகிறீர்கள். நான்காம் பக்கத்தில் பன்றிக் கதை வருகிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அதை விடுங்கள். பழமையான, பழுதான ஆயுதத்துக்கு 45-வது பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத பொருளுக்கு மட்டும். தடயவியல் நிபுணர் எண்ணெய் போட்டு, ஒரு ஊசியை மாற்றி, ஒரு முறை சுட்டுப் பார்த்து அறிக்கை எழுதிவிட்டால் வாதம் முடிந்தது. செயலிழக்கச் செய்கிறேன் என்று கொல்லரிடம் கொண்டுபோனால் அவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். கிணற்றில் போடுவதும், புதைப்பதும், கொம்பை எரிப்பதும் தடயத்தை அழித்த தனிக் குற்றம்; இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவு.

மூன்றாவதுதான் மிகவும் தந்திரமானது. ரேஞ்சர் தெரிந்தவர், நல்ல மனிதர், நடந்ததைச் சொன்னால் பணம் கட்டச் சொல்லி விட்டுவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். போலீஸ்காரரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது டீக்கடையில்கூடத் தெரியும். வன அலுவலர் போலீஸ்காரர் அல்ல. அவரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உதவி வனப் பாதுகாவலர் நிலையில் உள்ளவர் உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியத்தை, பிறகு வழக்கு விசாரணையிலும் ஏற்கலாம் என்று வன உயிரினச் சட்டத்தின் 50-வது பிரிவு சொல்கிறது. காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால் இணக்கக் கட்டணம் கட்டி அந்தக் குற்றத்தை முடித்துக்கொள்ள வழி உண்டுதான். ஆனால் அந்தக் கோப்பில் 'ரைஃபிளால் சுட்டதாக ஒப்புக்கொண்டார்' என்று ஒரு வரி இருக்கும். வனத்துறையில் கட்டிய பணம் ஆயுதச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும்போதுதான் பலருக்கு இது புரிகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன கொம்பு என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. காட்டெருமை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு, அதாவது கூடுதல் பாதுகாப்பு உள்ளது. 1960-களில் உரிமத்தோடு சுட்டது சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். அப்போது அந்த உரிமம் கொடுத்தார்கள், 1991 திருத்தம் வரை வேட்டை உரிமம் சட்டத்தில் இருந்தது. ஆனால் 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடைமைச் சான்றிதழ் இல்லாத எவரும் இப்படிப்பட்ட பொருளை வாரிசு வழியாக அன்றி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. நீங்கள் வாரிசு இல்லை. உங்களிடம் இருக்கும் கொம்பு சட்டவிரோதமானது என்றுதான் சட்டம் முதலில் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய சுமை உங்களுடையது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது, பணம் கட்டி இணங்கவும் வழியில்லை. சுவரில் மாட்டியிருந்தால் அதன் முன் நின்று படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அய்யாவின் துப்பாக்கி உரிமப் புத்தகம் எங்கே? கொம்புக்கு அவர் வாங்கியிருக்கக்கூடிய உடைமைச் சான்றிதழ் எங்கே? உங்களிடம் இல்லை, அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். சாவி மகனிடம். துப்பாக்கி ஒரு காலத்தில் முறையான உரிமத்தில் இருந்தது, கள்ளத் துப்பாக்கி அல்ல என்று காட்டும் ஒரே காகிதம் நீங்கள் வைது தீர்த்த ஆளிடம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். உங்கள் தரப்பு வலுவாக இருந்து நான் இப்படிச் சொல்லவில்லை. உங்கள் பக்கம் பேச வாதமே இல்லை.

இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு, வெறுங்கையோடு சேலம் போய் மகனைப் பாருங்கள். துப்பாக்கியிலும் கொம்பிலும் எனக்கு எந்தப் பாத்தியமும் வேண்டாம், முறைப்படி ஒப்படைக்க ஒத்துழையுங்கள் என்று கேளுங்கள். மருந்துச் செலவுப் பேச்சை எடுக்க வேண்டாம். உரிமதாரர் இறந்ததும் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டிய பொறுப்பு வாரிசுக்கும் உண்டு. நான்கு ஆண்டுகள் அவரும் சும்மா இருந்திருக்கிறார். புகார் கொடுத்தால் அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அவருடைய வக்கீல் அவருக்குச் சொல்லிக்கொள்வார். நீங்கள் மிரட்டலாகச் சொல்லாதீர்கள்.

அதன்பின் ஒரு குற்றவியல் வழக்கறிஞர் மூலம் ஏற்காடு காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, துப்பாக்கி இருக்கும் இடத்துக்கே அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூடத் தராதீர்கள். மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பது உண்டு. அப்படி அறிவிப்பு நடப்பில் இருந்தால் உங்கள் வழக்கறிஞர் அதையும் குறிப்பிடட்டும். ஆனால் அது காவல்துறையின் பெருந்தன்மை. தானாக ஒப்படைத்தவருக்கு மன்னிப்பு என்று சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவு: 3-வது பிரிவுக் குற்றத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. புகார் வரும் முன்பே நீங்களாக ஒப்படைத்தீர்கள் என்பது அந்த மேசையில் எடுபடும். புகாருக்கு மறுநாள் ஒப்படைத்தால் எடுபடாது.

குழலின் மேல் அதன் துளை அளவாக என்ன எண் பொறித்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதை வழக்கறிஞரிடம் நேரில் சொல்லுங்கள், போனில் வேண்டாம். .315 என்றால் நான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். .303 என்றால் அது தடை செய்யப்பட்ட ரகம். 7-வது பிரிவைச் சேர்க்கப் பார்ப்பார்கள், அங்கே தண்டனை 7 ஆண்டில் தொடங்கி 14 வரை போகும். அப்படியானால் மகனைப் பார்க்கப் போவதற்கு முன்பே முன்ஜாமீன் மனு தயாராக இருக்க வேண்டும். மகன் ஒத்துழைக்க மறுத்தாலும் அதே வழிதான்; அவருக்காக ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்.