நட்டத்தில் ஓடும் நிறுவனம் நன்கொடை கொடுக்குமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். தேர்தல் நிதி கேட்டு வருபவர்களுக்கு, பின்னால் தொந்தரவு வேண்டாமே என்று 5,000, 10,000 கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கோடிக்கணக்கில் கொடுக்கும் பெருநிறுவனங்களும் இதே எண்ணத்தில்தான் கொடுக்கின்றனவா?
– வாசகர், சேலம்–2

பதில்: ஓரளவுக்கு அப்படித்தான். சுரங்கக் குத்தகை, வங்கிக் கடன், சுங்கவரி என்று அரசின் கையெழுத்தை நம்பியிருக்கும் தொழில் எதுவும் ஆளுங்கட்சியைப் பகைத்துக்கொள்ள அஞ்சும். எதிர்க்கட்சி நாளை ஆளக்கூடும் என்பதால் அதற்கும் ஒரு பங்கு போகும். அதுவரை உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒன்றே. ஆனால் உங்கள் தொகைக்காக எந்தச் சட்டமும் திருத்தப்படப் போவதில்லை.

1957-இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்கு நன்கொடை அளிக்க வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த அனுமதி கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா அனுமதித்தார், கூடவே, இவ்வழக்கம் வளர்ந்தால் மக்களாட்சியின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார். 1969-இல் நிறுவன நன்கொடை அடியோடு தடைசெய்யப்பட்டது. பணம் நிற்கவில்லை, கணக்கில் வராமல் போகத் தொடங்கியது. 1985-இல் தடை நீங்கி, வரம்பு வந்தது. பின்னாளில் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு என்றிருந்த அந்த வரம்பையும் 2017-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நீக்கியது. கொடுப்பவர் யாரென்று வெளியே தெரியாமல், வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரத்துக்கு வழிவிட்டதும் அதே சட்டம்தான். லாபமே காட்டாத நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்கு என்று பங்குதாரர்களுக்குச் சொல்லவும் வேண்டாம் என்றானது. நட்டத்தில் ஓடுபவருக்கு நன்கொடைப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பட்டறைக் கணக்குப்பிள்ளையே கேட்டிருப்பார். உச்ச நீதிமன்றம் அதைக் கேட்டு, வரம்பு நீக்கம், தேர்தல் பத்திரம் இரண்டையும் செல்லாதென அறிவித்த 2024 பிப்ரவரி 15-க்குள், 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்திருந்தன.

அமெரிக்காவில் இந்த ஒளிவுமறைவுகூடத் தேவைப்படவில்லை. 2024 தேர்தலில் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட எலான் மஸ்க், அடுத்த ஆண்டே அரசுச் செலவைக் குறைக்கும் பணியில் நேரடியாக இறங்கினார். அவருடைய விண்வெளி நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளரும் அதே அரசுதான்.

உங்கள் 5,000-க்கு வருவோம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை வாங்கும் கட்சிக்கு வருமான வரி விலக்கு கிடையாது. அடுத்த முறை காசோலையை நீட்டி ரசீது கேட்டுப் பாருங்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தேநீரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.