ஆகனில் படிக்கும்போது வார இறுதியில் என்ன செய்யலாம்?

ஜெர்மனியின் ஆகனுக்குப் படிக்கப் போவதாகவும், அன்றாட வாழ்க்கையும் வார இறுதியும் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வார நாட்கள் வகுப்பு, நூலகம், மதியம் மென்சா எனும் மாணவர் உணவகம் என்று ஓடிவிடும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். அரிசி, பால், காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், ஊர் சுற்ற ஆகன் அருமையான இடம். எனக்கு மிகவும் பிடித்தது வால்ஸ் குன்று. ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் அங்கே சந்திக்கின்றன. ஒரே நிமிடத்தில் மூன்று நாட்டிலும் கால் வைக்கலாம். உயரம் 322 மீட்டர்தான், காட்டு வழியே நடந்தே ஏறலாம். இன்னொரு நாள் கொலோன் போங்கள், வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே 157 மீட்டர் உயரப் பேராலயம் எதிரே நிற்கும். 533 படிகள் ஏறினால் ரைன் நதி முழுதாகத் தெரியும்.