கொழுப்பு மாத்திரை குழாயை இளக்குமா?

கேள்வி: வயது 61. பல வருஷமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது 158/72. மொத்த கொலஸ்ட்ரால் 212, டிரைகிளிசரைடு 240, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 130. ரத்தக்குழாய் விறைப்புப் பரிசோதனையில் நாடி அலை வேகம் விநாடிக்கு 11.8 மீட்டர். டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதியிருக்கிறார். அதனால் குழாய் இளகிவிடுமா? கீழ் எண் 72தானே, பயப்பட வேண்டுமா?

பதில்: நீங்கள் நிம்மதியாக இருப்பதே அந்த 72-ஐப் பார்த்துத்தான். 158-இல் 72 போனால் மிச்சம் 86. இதற்கு நாடி அழுத்தம் என்று பெயர். உங்கள் வயதில் இது 60-ஐத் தாண்டினாலே நான் ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்ப்பேன். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி விரிந்து கொடுக்க வேண்டும். இதயம் ஓயும்போது அதுவே சுருங்கி ரத்தத்தை முன்னே அனுப்ப வேண்டும். விறைத்த குழாய்க்கு இரண்டும் சரியாக வராது. அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். தனியாகப் பார்த்தால் 72 நல்ல எண்தான். 158-க்குப் பக்கத்தில் வைத்தால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நாடி அலை குழாய் வழியே ஓடும் வேகம்தான் அலை வேகம், குழாய் விறைத்தால் அது கூடும். அதைக் கழுத்திலும் தொடை இடுக்கிலும் கருவி வைத்து எடுத்தார்களா என்று கேளுங்கள். அப்படி எடுத்திருந்தால் 10-க்கு மேல் அதிகம். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி எடுத்திருந்தால் கணக்கே வேறு, 11.8-க்குக் கவலைப்பட வேண்டியதில்லை. இதை விளக்காமலே ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இனி கொழுப்பு. அது படிவது குழாயின் உள் அடுக்கில். விறைப்பு பெரும்பாலும் நடு அடுக்கின் கோளாறு: இழுபடும் தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் சிதைந்து, விறைப்பான கொலாஜன் இழைகள் கூடி, சில சமயம் கால்சியமும் சேர்ந்துவிடுகிறது. வயதும் பி.பி.யும்தான் முக்கியக் காரணங்கள். எல்.டி.எல்.லுக்கும் அலை வேகத்துக்கும் உள்ள தொடர்பு மெலிசானது, ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் என் கண் போனது டிரைகிளிசரைடு 240 மீதும் எச்.டி.எல். 34 மீதும். இந்த ஜோடி பெரும்பாலும் தொப்பையோடும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையோடும் சேர்ந்து வரும். அந்தக் கூட்டத்துக்கும் விறைப்புக்கும் உறவு உண்டு. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தீர்களா? எழுதவில்லையே.

ஆக, ஸ்டேட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையால் குழாய் இளகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படியே இருந்தாலும் கொஞ்சம்தான். அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது வேறு வேலைக்கு. 2003-இல் வெளியான அஸ்காட் ஆய்வில், பி.பி.யோடு வேறு ஆபத்துக் காரணிகளும் உள்ள, கொலஸ்ட்ரால் 250-ஐத் தாண்டாத 10,000-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு 10 மி.கி. அடோர்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் கொடுத்தார்கள். மாரடைப்பும் இதயத் தமனி நோய் மரணமும் அவர்களிடம் 36 சதவீதம் குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

விறைப்புக்கு நேரடி மருந்து என்றால் அந்த 158-ஐ இறக்குவதுதான். உப்பைக் குறையுங்கள், வேகமாக நடங்கள், புகைப்பிடித்தால் விடுங்கள். பி.பி. மாத்திரையை மாற்றவோ கூட்டவோ வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அலை வேகத்தை மறுபடி அளப்பதானால் அதே முறையில், பத்து நிமிஷமாவது படுத்திருந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். அன்றைய பி.பி.யையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள், பி.பி. ஏறியிருந்தால் வேகமும் ஏறித்தான் காட்டும்.