எவர்சில்வர் டம்ளரும் பேப்பர் கப்பும்

"மனித உரிமை, மதம், அரசியல் என்று ஆராய்ச்சி செய்கிற சமூகவியல்காரர்கள் சொந்த வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ பேராசிரியர் மேல் கடுப்பாகித்தான் கேட்டிருப்பீர்கள். நியாயம்தான்.

நான் அரூர் பக்கம். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். (கௌரவமெல்லாம் பெயரில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் வந்தாலே அதிசயம். முனைவர் பட்டம் வாங்கியும் மளிகைக் கடையில் கடன் சொல்கிறேன். சரி, அது வேற கதை.)

டிசம்பர் 10, மனித உரிமை நாள் வந்தால் வாச்சாத்தி பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமத்தைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி கோர்ட் சொல்ல 2011 ஆனது. 2023-ல் ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கும், நடிப்பில்லை. ஆனால் அங்கே எதிராளி சர்க்கார், பேச வசதி. தீண்டாமையை ஒழிக்கிற அரசியல் சட்டப் பிரிவு 17 அப்படி இல்லை. அது சர்க்காரோடு நிற்காமல் தனிமனிதனையும் கட்டும். இதையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

கள ஆய்வுக்கு என்னோடு வந்த மாணவன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். "வா கண்ணு, உட்காரு" என்றார் அம்மா. எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார். காபி வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர், அவனுக்கு ஏதோ விசேஷத்தில் மிஞ்சிய பேப்பர் கப். குடித்து முடித்தும் அவன் கப்பைக் கீழே வைக்கவில்லை. நாலாக மடித்துக் கையிலேயே வைத்திருந்து, வெளியே போய் சாக்கடை ஓரம் போட்டுவிட்டு வந்தான். யாரும் சொல்லவில்லை. நான் ஆய்வுப் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைத் திட்ட உடனே கிளம்பிவிடாதீர்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது யாரையும் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார், "கேட்டா ஆத்தா பொறுக்கமாட்டா" என்பார். அதனால் எல்லாப் பழியையும் மதத்தின் மேல் போடுகிற நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நான் எந்தக் கட்சி என்றும் தேடவேண்டாம், பேப்பர் கப் எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் இருக்கிறது.

இப்போது நாங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் பார்த்துக்கொள்கிறோம். அங்கே எல்லாருக்குமே பேப்பர் கப். இரட்டைக் குவளை, அதாவது சாதி பார்த்துத் தனி டம்ளர் கொடுக்கும் வழக்கம், 'இல்லை' என்று என் ஆய்வுப் படிவத்தில் டிக் வாங்கிய கடை.

போன வாரம் அம்மா கேட்டார், "அந்தப் பையன் ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?"

பரீட்சை என்றேன்.